புதூருக்குக் கடல் வந்தால்

கிரீஸ் நாட்டைப் பற்றி எங்கள் கலிமேரா அண்ணாச்சிக்குத் தெரிந்த அளவுக்குக் கிரீஸ்காரர்களுக்கே தெரியாது. எந்தத் தீவில் எந்த மாதம் காற்று தொப்பியைப் பிடுங்கும், கப்பலில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் முகத்தில் அடிக்காது, எந்த ஓட்டலில் எந்த அறையிலிருந்து கடல் தெரியும், எந்த அறையிலிருந்து பக்கத்து அறைக்காரன் காயப்போட்ட துண்டு மட்டும் தெரியும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவ்வளவும் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தெரிந்துகொண்டது.

காலையில் கடையைத் திறந்ததும் எதிரே யார் வந்தாலும் "கலிமேரா" என்பார். கிரேக்க மொழியில் காலை வணக்கமாம். டீக்கடைக்காரர், லாட்ஜ் மேனேஜர், வெங்காய லாரியிலிருந்து இறங்கிக் கொட்டாவி விடுகிற டிரைவர், எல்லாருக்கும் ஒரே கலிமேராதான். அதுவே பேராகிவிட்டது. சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. ஊரில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. நான் அவருக்கு அடுத்த கடை. பாஸ்போர்ட் போட்டோ, ஜெராக்ஸ், லேமினேஷன். நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அதனால் பாதிக் கிரேக்க மொழி எனக்கும் வந்துவிட்டது, வேண்டாமென்றாலும்.

அதற்கு முன்னால் அவர் ஒழுங்காகத்தான் இருந்தார். காசி, ராமேஸ்வரம், அறுபடை வீடு என்று வேனில் ஆளேற்றிக்கொண்டு போவார். கூடவே சமையல்காரர், அடுப்பு, அண்டா நிறையப் புளியோதரை. கொரோனா வந்து எல்லாரையும் வீட்டுக்குள் போட்டு அடைத்தபோது வேன்கள் நின்றன. பிறகு வேன்களும் போயின. அண்ணாச்சியும் ஒரு செல்போனும்தான் மிச்சம். ஒருநாள் பலகையைத் தட்டிக் கூப்பிட்டார்.

"தம்பி, இங்கன ஓடியாரும். இது எந்த ஊருன்னு பாரும்."

மலை விளிம்பில் வெள்ளை வெள்ளையாக வீடுகள். நீலக் கதவுகள். மரம் மட்டை இல்லாத கருப்புத் தரை.

"சாண்டோரினி அண்ணாச்சி. கிரீஸ்ல ஒரு தீவு."

"புதூருவே! எங்க புதூரு! கடல் மட்டும் கூட இருக்கு."

அவர் பிறந்தது புதூர்ப் பக்கம் ஒரு கரிசல் கிராமம். மழை பெய்தால் உளுந்து, பெய்யாவிட்டால் திருப்பூர் என்று பிழைக்கிற ஊர். அந்தத் தீவிலும் மழை அபூர்வம் என்று தெரிந்ததும் மனிதருக்குத் தூக்கம் போய்விட்டது.

"அவனும் மாடித் தண்ணியத் தொட்டி கட்டிப் புடிச்சுக் குடிச்சவன்தான் தம்பி. திராட்சக் கொடியத் தரையோட கூடை மாதிரி சுத்திவிட்டுப் பனித்தண்ணியக் குடிக்க வைக்கான். சுண்ணாம்ப அடிச்சான், கதவுக்கு நீலத்தப் பூசுனான், ஒலகமே போயி நிக்கிது. நம்மகிட்ட சுண்ணாம்பு இல்லையா, கதவு இல்லையா?"

ஒரே ஒருமுறை அந்த மண்ணை மிதிக்க வேண்டும், அந்தச் சுவரைக் கையால் தொட்டு அதில் அப்படி என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அன்றிலிருந்து அவருக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

பழைய பலகையை இறக்கிவிட்டு 'கிரேக்கத் தீவுச் சொகுசுச் சுற்றுலா, மொழிப் பயிற்சியுடன்' என்று புதுப் பலகை மாட்டினார். ஒருவரும் வரவில்லை. எங்கள் ஊரில் சொகுசு என்றால் குற்றாலத்தில் ஏசி ரூம். அதற்கு மேல் போனால் கொழுப்பு என்பார்கள். அண்ணாச்சி அசரவில்லை. வராதவர்களைத் தேடிப் போய் யோசனை சொன்னார். வங்கி வரிசையில் பென்ஷனுக்காக நின்ற ஒரு வாத்தியாரைப் பிடித்துக்கொண்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"சார், ஆகஸ்ட்ல மட்டும் போயிராதீய. கூட்டம் தாங்காது. கக்கூஸ்ல காயிதத்தப் போடாதீய, கொழா சின்னது, அடச்சுக்கிடும். பக்கத்துலயே கூடை இருக்கும்."

"நமக்குத் தண்ணிதான் அண்ணாச்சி பழக்கம்."

"அப்ப ஒரு செம்பு எடுத்துக்கிடுங்க. அங்கன செம்பு கெடைக்காது."

வாத்தியார் அன்றைக்குப் பென்ஷன் வாங்காமலே வீட்டுக்குப் போனார்.

மெயின் ரோட்டில் ஒரு போலீஸ்காரர் அண்ணாச்சியின் வண்டியைக் கை காட்டி நிறுத்தினார். ஹெல்மெட் இல்லை. அண்ணாச்சி இறங்கி நின்று அவருக்குப் பாடம் நடத்தினார். "சார், உள்ளங்கைய இப்படி விரிச்சு மூஞ்சிக்கு நேராக் காட்டாதீய. கிரீஸ்ல இது மூஞ்சில கரியப் பூசுத மாதிரி. பெரிய சண்டையாயிரும்." சண்டை கோவில்பட்டியிலேயே வந்தது. ஹெல்மெட்டுக்கு ஒரு அபராதம், பேச்சுக்கு ஒரு அபராதம் கட்டிவிட்டு வந்து, "சட்டம் தெரிஞ்ச ஆளுக்குச் சைகை தெரியல" என்று என்னிடம் வருத்தப்பட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் தீப்பெட்டி முதலாளி வந்து சேர்ந்தார். எனக்கு அந்த முதலாளியைப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என் மேல் குறைப்படக் கூடாது. உள்ளூரில் இன்னொரு முதலாளி தம் கல்யாண நாளுக்குச் சுவிட்சர்லாந்து போய்வந்துவிட்டார். அதனால் இவருக்கு ஐரோப்பாவில் வேறு எங்காவது போயே தீர வேண்டிய நிலைமை.

"அண்ணாச்சி, எனக்கும் வீட்டுக்காரிக்கும் இருவத்தஞ்சாவது கல்யாண நாளு வருது. சுவிட்சர்லாந்தவிட ஒசத்தியா ஒண்ணு சொல்லும்."

அண்ணாச்சி எழுந்தே நின்றுவிட்டார். அறைக்குள்ளேயே நீச்சல்குளம், கடலுக்கு மேலே காலைச் சாப்பாடு, தனிப்படகு என்று ஒன்று விடாமல் சொல்லி முடித்துவிட்டு, "கமிஷன் வேண்டாம் மொதலாளி. என்னையும் கூடக் கூட்டிட்டுப் போங்க, அது போதும்" என்றார். முதலாளி மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். மொழி பெயர்க்க ஒரு ஆள், பெட்டி தூக்க ஒரு ஆள், இரண்டும் ஒரே டிக்கெட்டில். உடனே சம்மதம்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் தீப்பெட்டி ஆபீஸ் குடோனில் வகுப்பு நடந்தது. படிக்க இரண்டு பேர்: முதலாளி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிற அவர் மனைவி. படம் பிரிண்ட் போட்டுக் கொடுக்கிற சாக்கில் நானும் போய் உட்கார்ந்திருப்பேன்.

"தண்ணிக்கு நெரோ. ஆமான்னு சொல்ல நே. நன்றிக்கு எஃப்கரிஸ்தோ. கொழாத் தண்ணியக் குடிக்காதீய, பாட்டில்தான். பாதையெல்லாம் படி, வழுவழுன்னு கெடக்கும். குதி ஒசந்த செருப்பு வேண்டாங்கா. ராத்திரிச் சாப்பாடு அவியளுக்கு ஒம்பது மணிக்கு மேலதான். ஏழு மணிக்கே போயி எலைக்கு நிக்காதீய."

"நீச்சல்கொளத்துல எண்ண தேச்சுக் குளிக்கலாமா?" என்றார் முதலாளி.

"கூடாது. சோப்பும் கூடாது. வேட்டியப் பிழிஞ்சு பால்கனியிலயும் போடாதீய மொதலாளி. அந்தக் காத்துக்கு வேட்டி துருக்கிக்குப் போயிரும்."

பிறகு வாய் திறக்காமல் செய்கிற பாடம். "இல்லைன்னு சொல்லணும்னா நாடியத் தூக்கி 'ச்சு'ன்னா போதும். நம்மூரு மாதிரியேதான். ஆனா அஞ்சு வெரலையும் விரிச்சு உள்ளங்கைய மட்டும் யாரு மூஞ்சிக்கும் நேராக் காட்டிராதீய."

"அஞ்சு காப்பி கேக்கணும்னா?"

"கையத் திருப்பி, பொறங்கை அவனுக்குத் தெரியக் காட்டுங்க."

"துட்டுக் குடுக்குதவன் நானு. நான் எதுக்குவே கையத் திருப்பணும்?"

அக்கா அப்படியில்லை. எஃப்கரிஸ்தோவை ஒரே வகுப்பில் பிடித்துக்கொண்டு, மறுநாள் தீப்பெட்டி அடைக்கிற பெண்களிடம் சொல்லிப் பழகியிருக்கிறார். அந்த வீட்டிலிருந்து நன்றி எந்த மொழியில் வந்தாலும் அந்தப் பெண்களுக்குப் புதிதுதான். என்ன, ஏது என்று புரியாமல் அன்றைக்கு வேலையை வேகமாக முடித்துக் கொடுத்தார்களாம்.

கடைசி வகுப்பு சாமான் கட்டுவதைப் பற்றியது. ஊறுகாய் எண்ணெய் கசியாமல் கட்ட வேண்டும், கருவாடு கூடவே கூடாது, கத்தி கத்திரி கைப்பையில் ஆகாது, தேங்காயை வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும் என்று அண்ணாச்சி தொண்டை வறள அடுக்கினார். எல்லாம் சொன்னார். ஒன்றே ஒன்று விட்டுப்போனது. அது அவருக்கும் தோன்றவில்லை, கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் தோன்றவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? பஸ் ஸ்டாண்டு வாசலில் பிளக்ஸ் வைத்தார்கள். 'கிரீஸ் செல்லும் கலிமேரா அண்ணாச்சியை வாழ்த்தி வழியனுப்புகிறோம்.' பின்னால் நீலக் குவிமாடம், முன்னால் கோட்டுப் போட்ட அண்ணாச்சி. நான் எடுத்த பாஸ்போர்ட் போட்டோவுக்கு யாரோ கோட்டு மாட்டிவிட்டிருந்தார்கள். அதுவரை அவரைக் கேலி பேசிய ஆட்கள்தான் பிளக்ஸின் கீழ் வரிசையில் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மதுரை விமான நிலையத்துக்கு அவரை நான்தான் என் பழைய காரில் கொண்டுபோய் விட்டேன். முதலாளி குடும்பம் அவர்கள் காரில் வந்தது. வாசலில் முதலாளி ஒரு அட்டைப்பெட்டியை எங்கள் தள்ளுவண்டியில் ஏற்றினார்.

"அண்ணாச்சி, எங்க எடையெல்லாம் முடிஞ்சுபோச்சு. உம்ம பேர்ல மிச்சம் கெடக்குல்லா, இது உம்ம பேர்ல போகட்டும். கடம்பூர் போளியும் கடலமிட்டாயுந்தான்."

"அதுக்கென்ன மொதலாளி" என்றார் அண்ணாச்சி. அவருக்கென்று இருந்தது ஒரு பழைய சூட்கேஸ். கண்ணாடிக் கதவுக்குள் நுழையும்போது திரும்பிப் பார்த்து, "வாரேன் தம்பி" என்றார். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

விமானம் கிளம்புவதைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வெளியே டீ குடித்துக்கொண்டு நின்றேன். விமானம் கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு, சூட்கேஸை இழுத்தபடி அண்ணாச்சி வெளியே வந்தார்.

நடந்தது இதுதான். எங்கள் ஊர் முதலாளிமார் வீட்டில் கல்யாணம், காதுகுத்து என்று எது வந்தாலும், அதற்கென்று படம் போட்ட லேபிளில் தீப்பெட்டி அடித்து வந்தவர்களுக்கெல்லாம் கொடுப்பது ஒரு பெருமை. இவரும் தம்பதி படம் போட்டுக் கல்யாண நாள் தீப்பெட்டி அடித்திருக்கிறார். கிரீஸ்காரன் கையிலும் நம் முகம் இருக்கட்டும் என்று போளிக்கு அடியில் பண்டல் பண்டலாக அடுக்கிவிட்டார். விமானத்தில் தீப்பெட்டி! கருவியில் தெரிந்ததும் அதிகாரிகள் பெட்டியில் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்து ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"பெட்டி மொதலாளியோடதுன்னு சொல்லலையா அண்ணாச்சி?"

"அவரு பக்கம் பாத்தேன். அவரு வாட்சப் பாத்தாரு. 'பேரு அவரு பேருல்லா ஒட்டிருக்கு'ன்னாரு. அதுவும் நெசந்தான."

"நீங்க சொல்லியிருக்கணும்லா?"

"சொன்னா மூணு பேரும் நிப்போம் தம்பி. அந்தம்மா சேலைக்குத் தோதா வளையல் எல்லாம் போட்டு வந்து நிக்கி. கிட்ட வந்து என்னமோ சொல்ல வாயெடுத்துச்சு. நான்தான் நாடியத் தூக்கி 'ச்சு'ன்னேன். புரிஞ்சுக்கிட்டு."

எழுதி வாங்கிக்கொண்டு, இன்றைக்கு நீங்கள் பறக்க முடியாது என்று அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். முதலாளி போகும்போது, "கவலப்படாதேயும், போன் இருக்குல்லா, அங்கன இருந்து கேட்டுக்கிடுதோம்" என்று சொல்லி, ஐந்து விரலையும் விரித்து டாட்டா காட்டியிருக்கிறார்.

"அவ்வளவு படிச்சுப் படிச்சுச் சொல்லியும் உள்ளங்கையக் காட்டிட்டுப் போறாருவே" என்றார் அண்ணாச்சி. டீயைக் கையில் கொடுத்தேன். குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார். "எல்லாஞ் சொன்னேன். தீப்பெட்டிய மட்டும் சொல்லல. நம்மூர்ல இருந்துக்கிட்டு அது எப்படித் தோணும் தம்பி? காத்தக் கொண்டுபோகாதீயன்னு யாராவது சொல்லுவாவளா?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஊருக்குப் போவோம் என்றேன்.

"ஊர்ல பிளக்ஸு நிக்கிது. புதூருக்கு விடும். தங்கச்சி வீட்ல இருந்துக்கிடுதேன், அவிய திரும்புத வரைக்கும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாற்றுத் துணி கொடுக்கப் புதூருக்குப் போனேன். ஆட்டுக் கொட்டகை நிழலில் உட்கார்ந்து அண்ணாச்சி போனில் "சிக்னோமி, சிக்னோமி" என்று யாரிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். முதலாளி படகுக்காரனிடம் ஐந்து மணிக்குப் படகு வேண்டும் என்று கேட்பதற்கு உள்ளங்கையை விரித்துவிட்டாராம். அந்த ஆள் கடலில் தள்ளுகிற கோபத்தில் நிற்க, இங்கிருந்து இவர் கெஞ்சிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு கிடாய் கத்தியது. படகுக்காரன் வீட்டிலும் ஆடு இருக்கும்போல, சிரித்துவிட்டானாம்.

சாப்பிட்டு முடித்த நேரத்தில் அக்கா வீடியோவில் வந்தார். அங்கே காலை நேரம். பின்னால் நீச்சல்குளம், அதற்கும் பின்னால் கடல்.

"அண்ணாச்சி, கடலப் பாருங்க, என்னா நீலம்!"

"கடல் இருக்கட்டுங்கா. அந்தச் சொவத்தக் காட்டுங்க. கிட்டப் போயி."

அக்கா காட்டினார். அண்ணாச்சி போனை முகத்தோடு ஒட்டினாற்போல வைத்துக்கொண்டார். "தொட்டுப் பாருங்க. சுண்ணாம்பு கையில ஒட்டுதா?"

"லேசா ஒட்டுது அண்ணாச்சி."

"மழத்தண்ணித் தொட்டி ஒண்ணு இருக்கும், அதையும்..."

"ஏட்டி, திங்காம அங்கன சொவத்தத் தடவிக்கிட்டு நிக்க? போன வை" என்று முதலாளியின் குரல் கேட்டது. படம் போய்விட்டது. அண்ணாச்சி போனைத் துண்டால் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "கையில ஒட்டுதாம்வே. நம்ம சுண்ணாம்புதான்" என்றார்.

அவர்கள் திரும்பிய அன்றைக்கே அண்ணாச்சியும் கோவில்பட்டிக்குத் திரும்பினார். புதூர் வெயிலில் நன்றாகக் கருத்திருந்தார். ஊரே கடைக்கு வந்தது. கிரீஸ் எப்படி இருந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: "புதூருக்குக் கடல் வந்தா எப்படி இருக்கும், அப்படி." காற்று எப்படி அடித்தது, ஆடு எப்படிப் பாறையில் ஏறியது, ஒரு படகுக்காரன் எப்படிச் சண்டைக்கு வந்து பிறகு சிரித்தான் என்று அவர் சொல்லச் சொல்ல எல்லாரும் வாயைத் திறந்து கேட்டார்கள். அதில் முக்கால்வாசி பொய்யும் இல்லை. முதலாளியும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அட்டைப்பெட்டிக் கதையும் சேர்ந்து வெளியே வரும். நானும் திறக்கவில்லை. போய்வந்திருந்தால்கூட அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்.

போன மாதம் ஒரு கல்யாண வீடு. பந்தியில் நானும் அண்ணாச்சியும் பக்கத்துப் பக்கத்து இலை. எதிர் வரிசையில் முதலாளி. யாரோ ஒரு மாப்பிள்ளைப் பையன் தேனிலவுக்கு யோசனை கேட்க, அண்ணாச்சி உற்சாகமாக, "நான் அங்கன இருக்கும்போது..." என்று ஆரம்பித்தார்.

முதலாளிக்கு அன்றைக்கு என்ன வந்ததோ. ஒரு சிரிப்புக்கு ஆசைப்பட்டுவிட்டார். "ஏ, இவரு எங்க வந்தாரு? மதுர ஏர்போர்ட்டோட இவர அமுக்கி அனுப்பிட்டாம்லா! தீப்பெட்டியோட போனாருல்லா!"

பந்தியே சிரித்தது. பிளக்ஸ் வைத்தவர்கள்தான் ரொம்பவும் சிரித்தார்கள். அக்கா மட்டும் பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியோடு நின்று, "கொஞ்சம் சும்மா இருக்கீயளா?" என்று சத்தம் போட்டார். நான் எழுந்து, "அந்தப் பெட்டி யாரோடதுன்னும் சொல்லுங்க மொதலாளி!" என்று கத்தினேன். அந்த நேரம் பார்த்துப் பாயசம் வந்தது. இந்த ஊரில் பாயசம் வந்த பிறகு நியாயத்துக்குக் காது கிடையாது. அண்ணாச்சி இலையை மூடிவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் பலகையை இறக்கிவிட்டார். இப்போது ஆம்னி பஸ் டிக்கெட் மட்டும் போடுகிறார். நாற்காலி இருக்கிறது, ஆனால் தெருவைப் பார்த்து இல்லை, சுவரைப் பார்த்துக் கிடக்கிறது. டீக்கடைக்காரர் முதல் லாரி டிரைவர் வரை எல்லாருக்கும் காலை நேரம் காலியாகத்தான் விடிகிறது. கலிமேராவைக் கேலி பேசியவர்களே, "என்னவே, தெருவுல சத்தத்தையே காணும்" என்கிறார்கள். வாயில் வந்ததைச் சொல்லிவிடுவேன் என்று நான் ஜெராக்ஸ் மெஷினை ஓட விட்டுவிடுகிறேன்.

இன்றைக்குக் காலையில் கடையைத் திறந்ததும் பலகைத் தடுப்பைத் தட்டி, "கலிமேரா அண்ணாச்சி" என்றேன். இந்த ஒரு மாதமாகத் தினமும் நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் திரும்பிப் பார்த்தார். நாடியைத் தூக்கி, "ச்சு" என்றார்.

நாளைக்கும் சொல்லுவேன்.